செயின் பிளாக்கும் முக்காலியும்: பாரம் தூக்கும் வேலைக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பர்கூர், ஜெகதேவி பக்கத்துக் கிரானைட் பட்டறைகளிலும், ஓசூரின் சிறிய லேத் பட்டறைகளிலும், தருமபுரி மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரைக் கழற்றி எடுக்கும் இடங்களிலும் தூக்கப்படும் பொருள் வேறு வேறாக இருந்தாலும், தூக்கும் கருவி பெரும்பாலும் ஒன்றுதான். ஒருவர் தோளில் சுமந்து செல்லக்கூடிய செயின் பிளாக் (கைச்சங்கிலியை இழுத்தால், கொக்கியுள்ள பாரச்சங்கிலி பாரத்தைத் தூக்கும் கருவி), அதைத் தொங்கவிட ஒரு முக்காலி ஸ்டாண்டு அல்லது உருளை பொருத்திய இரும்புச் சட்டம், பாரத்தைக் கட்ட ஒன்றிரண்டு பெல்ட்டுகள், அவற்றை இணைக்கும் டி ஷாக்கிள்கள் என்ற இரும்பு வளையங்கள் ஆகியவற்றைக் கொண்டே இவ்வேலைகள் நடக்கின்றன. பெரிய கிரேன் நுழைய முடியாத இடத்தில், அல்லது அதன் வாடகை கட்டுப்படியாகாத சிறிய வேலையில், இவற்றை வைத்துப் பாதுகாப்பாக வேலை பார்ப்பது எப்படி என்பதைப் படிப்படியாக இக்கட்டுரை விளக்குகிறது.

புதிதாக வருபவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை டன் செயின் பிளாக் வாங்கலாம் என்பதாகவே இருக்கிறது. என்னுடைய கருத்தில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. தூக்கப்போகும் பொருளின் எடை என்ன என்பதும், கருவியை எதில் தொங்கவிடப் போகிறோம் என்பதும் அதற்கு முன்னே முடிவாக வேண்டும். நல்ல செயின் பிளாக் எளிதில் அறுந்துவிடுவதில்லை. அதற்கு மேலே இருக்கும் தாங்கலும், கீழே இருக்கும் கட்டுமே பெரும்பாலும் ஏமாற்றிவிடுகின்றன.

முதல் படி: எடையைக் கணக்கிடுதல்

எடையைக் கண்ணால் மதிப்பிடுவது அனுபவசாலிகளுக்கும் சரியாக வருவதில்லை என்பதால், டேப்பை எடுத்து அளந்து கணக்கிடுவதே முறை. கருங்கல் ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 75 கிலோ இருக்கும். வேலிக்கும் பந்தலுக்கும் நம் பக்கம் நடப்படும் கல்தூண் 8 அடி நீளமும், அரை அடிக்கு அரை அடி கனமும் உடையதாக இருந்தால், அது 2 கன அடி, அதாவது 150 கிலோ. மெருகேற்றிய கிரானைட் பலகை 18 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர அடிக்குச் சுமார் நாலரைக் கிலோ வரும். ஆகவே 9 அடிக்கு 5 அடி அளவுள்ள ஒரு பலகையே 200 கிலோவைத் தொடும். அத்தகைய ஐந்து பலகைகளைச் சேர்த்தால் ஒரு டன்னாகிவிடும். கான்கிரீட்டுக்குக் கன அடிக்கு 68 கிலோ என்றும், இரும்புக்கு 222 கிலோ என்றும் வைத்துக்கொள்ளலாம். இயந்திரமாக இருந்தால் அதன் பெயர்த்தகட்டில் எடை பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய இயந்திரங்களில் இத்தகடு பெயிண்டுக்கு அடியில் மறைந்து கிடப்பதுண்டு.

கணக்கிட்ட எடையுடன் நாலில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டு கருவியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கருவியில் எழுதப்பட்டிருக்கும் அளவுக்கு மேலும் அது தாங்கும்படி செய்யப்பட்டிருப்பது உண்மைதான் என்றாலும், அந்த உபரி வலிமை தேய்மானத்துக்கும் எதிர்பாராத குலுக்கலுக்கும் ஒதுக்கப்பட்டது. நம் பாரத்துக்காக ஒதுக்கப்பட்டதன்று.

இரண்டாம் படி: எதில் தொங்கவிடுவது

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். செயின் பிளாக்கைத் தாங்கும் உத்தரம், பாரத்தின் எடையோடு கருவியின் எடையையும், கைச்சங்கிலியை இழுப்பவரின் விசையையும் சேர்த்துத் தாங்குகிறது. ஒரு டன் பாரத்துக்கு இந்தக் கூடுதல் பெரிதன்று. ஆனால் செயின் பிளாக்குக்குப் பதிலாக மேலே ஒரு கப்பியை மாட்டி, அதன் வழியாகக் கயிற்றைக் கீழே கொண்டுவந்து, கயிற்றைச் சுருட்டும் கருவியான வின்ச்சால் இழுத்தால் கணக்கே மாறிவிடும். கயிற்றின் ஒரு பக்கத்தில் பாரம் இழுக்கிறது. மறுபக்கத்தில் வின்ச்சும் ஏறக்குறைய அதே அளவு விசையுடன் இழுக்கிறது. ஆகையால் 500 கிலோ பாரத்தைத் தூக்கும்போது அந்தக் கப்பியும், அது தொங்கும் உத்தரமும் ஒரு டன்னைத் தாங்க வேண்டியிருக்கும். இதை அறியாமல், கயிறு தாங்குகிறது என்ற தைரியத்தில் மேலே பழைய கொக்கி ஒன்றை மாட்டிவிடுகிறார்கள்.

வீட்டுக் கூரையில் மின்விசிறிக்காக விடப்பட்ட கொக்கியைப் பாரம் தூக்கப் பயன்படுத்தவே கூடாது. ஓட்டுக் கூரையின் மரச்சட்டமும், தகரக் கொட்டகையின் இரும்புக் குழாயும் கூரையைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டவை. அவை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்லாதவரை, கருவிக்குத் தனியாகத் தாங்கல் அமைத்துக்கொள்வதே முறை.

அத்தகைய தாங்கல்களில் மலிவானது முக்காலி. அதன் மூன்று கால்களும் ஒரே அளவில் விரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு காலும் தரையுடன் 60 பாகை அல்லது அதற்குச் சற்று மேலான கோணத்தில் நிற்க வேண்டும். பாரம் ஏறும்போது கால்கள் வெளிப்புறமாக நழுவப் பார்க்கும். அதைத் தடுக்க மூன்று கால்களின் அடியையும் சங்கிலியாலோ கம்பிக்கயிற்றாலோ சுற்றிக் கட்ட வேண்டும். இந்தக் கட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருந்தால்தான் பயன் தரும். நம் பக்கத்துத் தரை இரண்டு விதமாகத் தொல்லை தரும். செம்மண் தரையில் மழைக்குப் பின் கால்கள் புதையும் என்பதால், ஒவ்வொரு காலின் கீழும் ஒன்றரை அடி அகலமுள்ள கனத்த பலகையை வைக்க வேண்டும். பாறை வெளியே தெரியும் நிலத்தில் புதைவு இருக்காது. ஆனால் இரும்புக் கால் வழுக்கும். அங்கே காலின் நுனி உட்காருவதற்குச் சிறு குழி கொத்திக்கொள்வதும், அடிச்சங்கிலியை இன்னும் இறுக்கமாகக் கட்டுவதும் தேவை.

முக்காலியைப் பொறுத்தவரை மறக்கக்கூடாதது இதுதான்: பாரம் மூன்று கால்களுக்கு இடைப்பட்ட முக்கோணத்துக்குள் நேர்கீழாகத் தொங்க வேண்டும். பக்கத்தில் கிடக்கும் கல்லை முக்காலியிலிருந்து சாய்வாக இழுத்து நடுவே கொண்டுவர முயன்றால் முக்காலி சாய்ந்துவிடும். கல்லைக் கடப்பாரையால் நெம்பி, உருளைக் கட்டைகளின் மேல் நகர்த்தி, முக்காலியின் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே கொக்கியை மாட்ட வேண்டும்.

ஓசூர்ப் பட்டறைகளில் காணப்படும் உருளை வைத்த இரும்புச் சட்டம் சமமான சிமெண்ட் தரையில் நன்றாக உழைக்கும். பாரத்துடன் அதை நகர்த்த வேண்டுமானால் பாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் விடாமல், சட்டத்தின் இரு பக்கமும் இருவர் சேர்ந்து மெதுவாகத் தள்ள வேண்டும். குண்டும் குழியுமான தரையில் அது வேண்டாம். கையை நீட்டிக் குறுக்கக்கூடிய சிறு தூக்கியான மடக்கு இன்ஜின் கிரேன் வைத்திருப்பவர்கள் அதன் கைக்குழாயில் துளைக்குத் துளை எழுதியிருக்கும் எண்களைக் கவனிக்க வேண்டும். கையை முழுவதுமாகக் குறுக்கியபோது 2 டன் தூக்கும் கருவி, கடைசித் துளைவரை நீட்டியபோது அரை டன் மட்டுமே தூக்கும்.

மூன்றாம் படி: கருவியைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தல்

கையால் இயக்கும் செயின் பிளாக்குகளுக்கு ஐ.எஸ். 3832 என்ற இந்தியத் தர விதி உண்டு. கருவியின் உடலில் தாங்கும் அளவு, தயாரிப்பாளர் பெயர், வரிசை எண் மூன்றும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பெயிண்டால் எழுதிய அளவை மட்டும் நம்ப வேண்டாம்.

வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ, பாரம் இல்லாமல் கைச்சங்கிலியை இழுத்துப் பார்க்க வேண்டும். கொக்கி மேலே ஏறும்போது உள்ளிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலி ஒழுங்காக வர வேண்டும். இறங்கும்போது அவ்வொலி வராது. அது பல் சக்கரத்தின் மேல் விழுந்து எழும் சிறு தடுப்பு நாக்கின் ஒலி. கைச்சங்கிலியை விட்டவுடன் பாரம் அந்தரத்தில் அப்படியே நிற்பது, இந்த நாக்கும் அதனுடன் சேர்ந்த உராய்வுத் தட்டுகளும் செய்யும் வேலைதான். ஏறும்போது ஒலி வராவிட்டாலும், விட்டு விட்டு வந்தாலும் அந்தக் கருவியைத் தொடக்கூடாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது கொக்கி. அதன் வாய், புதிதாக இருந்தபோது இருந்த அளவைவிட 10 விழுக்காடு விரிந்திருந்தால் அது தன் அளவுக்கு மேல் சுமந்த கொக்கி, கழித்துவிட வேண்டும். சில தயாரிப்பாளர்கள் 5 விழுக்காட்டிலேயே கழிக்கச் சொல்கிறார்கள். இதற்காகவே புதிய கொக்கியின் வாயை வாங்கிய அன்றே வெர்னியர் அளவுகோலால் அளந்து எழுதி வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். கொக்கியின் வாயில் இருக்கும் லாக் தானாக மூடிக்கொள்ள வேண்டும். பாரச்சங்கிலியின் கண்ணிகளில் விரிசலோ, நசுங்கலோ, ஒன்றோடொன்று உரசி 10 விழுக்காடு தேய்ந்த பகுதியோ இருக்கக்கூடாது.

2 டன், 3 டன் பிளாக்குகளில் பெரும்பாலும் சங்கிலி இரண்டு மடிப்பாக வரும். இவற்றை மூட்டையில் போட்டு எடுத்துச் செல்லும்போது கீழ்க்கொக்கி இரு சங்கிலிகளுக்கு இடையே ஒருமுறை புரண்டுவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. கண்ணிகளின் பற்றவைப்புத் தழும்பு மேலிருந்து கீழ்வரை ஒரே பக்கம் பார்த்திருந்தால் சங்கிலி நேராக இருக்கிறது. நடுவில் திரும்பினால் கொக்கியைத் திருப்பி முறுக்கை எடுத்த பிறகே பாரத்தை மாட்ட வேண்டும். முறுக்குடன் தூக்கினால் சங்கிலி உள்ளே சிக்கி, பாரம் பாதி உயரத்தில் நின்றுவிடும்.

மின்சாரத்தில் இயங்கி, கயிற்றைச் சுருட்டிப் பாரம் தூக்கும் மினி ஹாய்ஸ்ட் வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். அதன் மேல் 200, 400 என்று இரண்டு எண்கள் இருந்தால், ஒற்றைக் கயிற்றில் 200 கிலோவும், கூடுதல் கப்பி போட்டு இரட்டைக் கயிறாக்கினால் 400 கிலோவும் என்று பொருள். இரட்டைக் கயிற்றில் உயரமும் வேகமும் பாதியாகிவிடும். இரண்டாவதாக, இவற்றில் பல 10 நிமிடங்களில் 2 நிமிடம் மட்டுமே ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்டவை. காலையிலிருந்து மாலைவரை செங்கல் ஏற்றிக்கொண்டே இருந்தால் மோட்டார் கருகிவிடும். மெல்லிய ஒயரை நெடுந்தூரம் இழுத்து மின்சாரம் கொடுத்தாலும் அதே கதிதான். கயிறு முழுவதும் இறங்கியபோது அது சுற்றும் உருளையில் குறைந்தது மூன்று சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும்.

நான்காம் படி: கட்டு

செயின் பிளாக்கின் பாரச்சங்கிலியையே கல்லைச் சுற்றிக் கட்டி, கொக்கியை அதே சங்கிலியில் மாட்டுவது பல இடங்களில் நடக்கிறது. அது சங்கிலியின் கண்ணிகளை வளைத்துக் கருவியையே கெடுத்துவிடும் என்பதால், கட்டுவதற்குத் தனி பெல்ட்டோ கம்பிக்கயிறோ வைத்துக்கொள்ள வேண்டும். பெல்ட்டுகளின் நிறமே அவற்றின் அளவைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், சாம்பல் 4 டன், சிவப்பு 5 டன். நிறத்துடன் தைக்கப்பட்ட சீட்டிலும் அளவு இருக்க வேண்டும். சீட்டுக் கிழிந்த பெல்ட்டைப் பாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. பெல்ட்டின் ஒரு கண்ணை மறு கண்ணுக்குள் விட்டுச் சுருக்குப் போட்டால் அதன் திறன் எண்பது விழுக்காடாகக் குறைந்துவிடும்.

அறுத்த கிரானைட்டின் ஓரம் கத்தியாக இருக்கும். பெல்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவே பழைய டயர்த் துண்டையோ, நீளவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாயையோ ஒவ்வொரு மூலையிலும் வைக்க வேண்டும். சாக்கு போதாது.

இரண்டு பெல்ட்டுகளால் கட்டும்போது கோணத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு டன் பாரத்தை இரு பெல்ட்டுகளில் தூக்கினால் ஒவ்வொன்றுக்கும் அரை டன்தான் வரும் என்று நினைப்பது, பெல்ட்டுகள் செங்குத்தாக நிற்கும்போது மட்டுமே சரி. பெல்ட் பாரத்தின் மேற்பரப்புடன் 60 பாகையில் நின்றால் ஒவ்வொன்றுக்கும் 577 கிலோ வரும். 45 பாகையில் 707 கிலோ. 30 பாகையில் முழு 1,000 கிலோ. கோணமானி இல்லாமலே இதைச் சரிபார்க்கலாம். கட்டிய இரு இடங்களுக்கு இடைப்பட்ட தூரம் எவ்வளவோ, கொக்கி வரை ஒவ்வொரு பெல்ட்டும் குறைந்தது அவ்வளவு நீளம் இருந்தால் கோணம் 60 பாகைக்குக் குறையாது.

நீளமான கல்தூணை நடுவில் ஒரே கட்டாகக் கட்டித் தூக்கினால் கல் முறியலாம், ஏனெனில் கல் நசுக்கலைத் தாங்குவதுபோல் வளைவைத் தாங்காது. 10 அடித் தூணுக்கு இரு முனைகளிலிருந்தும் 2 அடி தள்ளி இரண்டு கட்டுப் போடுவது சரியாக வரும். மெருகேற்றிய பலகைகளுக்குக் கத்தரிப் பிடி கொண்ட ஸ்லாப் கிளாம்ப் உண்டு. பலகையின் எடையே அதன் பிடியை இறுக்குகிறது. ரப்பரில் தண்ணீரும் பாலிஷ் தூளும் படிந்திருந்தால் பிடி நழுவும் என்பதால், பலகையின் மேல்விளிம்பையும் ரப்பரையும் ஒவ்வொரு முறையும் துணியால் துடைக்க வேண்டும். பலகையில் நீளமான நரம்போ பழைய விரிசலோ தெரிந்தால் கிளாம்ப் போடாமல் கீழே பெல்ட் கொடுத்துத் தூக்குவதே நல்லது.

ஐந்தாம் படி: தூக்குதல்

வேலை தொடங்குமுன் கட்டளையிடுபவர் யார் என்பதை முடிவு செய்ய வேண்டும். நம் பக்கத்துப் பட்டறைகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களும், வடமாநிலங்களிலிருந்து வந்தவர்களும் ஒன்றாக வேலை செய்கிறார்கள். ஆகவே வாய்ச்சொல்லைவிடக் கைச்சைகையே பொருந்தும்: சுட்டுவிரலை மேல்நோக்கி நீட்டிச் சிறு வட்டமிட்டால் ஏற்று; கீழ்நோக்கி வட்டமிட்டால் இறக்கு; கையை நீட்டி உள்ளங்கையைக் கீழே காட்டிப் பக்கவாட்டில் அசைத்தால் நிறுத்து. ஏற்றவும் இறக்கவும் ஒருவரே சொல்ல வேண்டும். நிறுத்தச் சொல்லும் உரிமை அங்கிருக்கும் எல்லோருக்கும் உண்டு. நேற்று வந்த பையன் “அண்ணா, நிறுத்துங்க” என்றாலும் நிறுத்திவிட்டுத்தான் காரணம் கேட்க வேண்டும்.

பெல்ட்டின் தொய்வு நீங்கும்வரை ஏற்றி, பெல்ட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பாரத்தைத் தரையிலிருந்து நான்கு விரற்கடை மட்டும் தூக்கி நிறுத்த வேண்டும். ஓரிரு நிமிடம் அப்படியே விட்டு, பாரம் தானாக இறங்குகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா, முக்காலியின் கால்கள் அசைந்தனவா என்று சுற்றி வந்து கவனிக்க வேண்டும். சாய்ந்தால் இறக்கி மறுபடி கட்ட வேண்டும். சாயும் பக்கத்தில் ஆளை நிறுத்திச் சமன் செய்யக்கூடாது.

ஒரு டன் செயின் பிளாக்கை ஒருவர் தனியாக இழுக்க முடியும்; அவ்வாறே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இழுக்க இரண்டாவது ஆள் தேவைப்பட்டால் பாரம் அதிகம், அல்லது எங்கோ மாட்டியிருக்கிறது என்று பொருள். தொங்கும் பாரத்தின் கீழே கையையோ காலையோ நீட்டக்கூடாது. அதைத் திருப்ப, ஓரத்தில் கட்டிய நீளக் கயிற்றைப் பயன்படுத்த வேண்டும்.

ஆறாம் படி: வண்டியில் ஏற்றுதல்

பாரத்தை வண்டியிடம் கொண்டுபோவதைவிட, பாரத்தை உயர்த்தி நிறுத்திவிட்டு வண்டியை அதன் கீழே பின்னுக்கு எடுப்பது எளிது. முக்காலியின் இரு கால்களுக்கு இடையே வண்டி நுழையும் அகலம் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே அளக்க வேண்டும். வண்டி நுழைவதற்காக அடிச்சங்கிலியை அவிழ்க்கும் நிலை வந்தால் அந்த முக்காலி அவ்வேலைக்குப் பொருந்தாது, இரும்புச் சட்டந்தான் வேண்டும். குட்டி யானை என்று நாம் அழைக்கும் சிறு வண்டி முக்கால் டன் அளவுக்கே உரியது. மேலே சொன்ன அளவுள்ள பலகைகள் மூன்றுக்கு மேல் அதில் ஏற்றக்கூடாது.

கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகு பாரத்தை இறக்க வேண்டும். பாரம் தட்டில் படும்போது ஸ்பிரிங் அமுங்கி வண்டி சில அங்குலம் இறங்கும். அதனால் பாரம் உட்கார்ந்துவிட்டது என்று எண்ணி உடனே கொக்கியைக் கழற்றக்கூடாது. பெல்ட் முழுவதும் தளர்ந்து தொங்கும்வரை இறக்க வேண்டும். தட்டில் முன்பே இரண்டு மரக்கட்டைகளைப் போட்டு அவற்றின் மேல் பாரத்தை வைத்தால்தான் பெல்ட்டை உருவி எடுக்க முடியும். பாரத்தின் நடுப்பகுதி பின் அச்சுக்குச் சற்று முன்னால் வர வேண்டும். பலகைகளை ‘ஏ’ வடிவச் சட்டத்தில் இருபுறமும் மாற்றி மாற்றிச் சாய்த்து, ஒவ்வொன்றையும் உடனுக்குடன் கட்ட வேண்டும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் பலகை விழக்கூடிய பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது.

கிணற்று மோட்டாரைப் பற்றித் தனியாக

பென்னாகரம், அரூர் பக்கங்களில் இந்தக் கருவிகளுக்கு அதிக வேலை கொடுப்பது ஆழ்துளைக் கிணறுதான். 600 அடியில் நிற்கும் மோட்டாரை ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாயுடன் தூக்குவதாகக் கொள்வோம். 20 அடிக் குழாய் ஒன்று சுமார் 19 கிலோ. முப்பது குழாய்களுக்கு 570 கிலோ. கீழே உள்ள வால்வு நன்றாக இருந்தால் குழாய்களுக்குள் நிற்கும் தண்ணீர் மட்டும் 180 கிலோவுக்கு மேல் வரும். பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மோட்டாரையும் பம்ப்பையும் கேபிளையும் கூட்டினால் 850 கிலோவைத் தாண்டிவிடும். ஆகையால் 2 டன் பிளாக்கும் அதற்கேற்ற முக்காலியும் வேண்டும். வின்ச்சும் கப்பியும் வைத்துச் செய்தால், முன்பு சொன்னபடி முக்காலியின் தலை ஏறக்குறைய இரு மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும்.

ஒவ்வொரு குழாயாகக் கழற்றும்போது மீதிக் குழாய்கள் தொங்கும் கிளாம்ப்பை, கிணற்றுத் துளைக்குள் இறக்கியிருக்கும் பி.வி.சி. கேசிங் குழாயின் வாய்மேல் உட்கார வைத்தால் கேசிங் நசுங்கும். கேசிங்குக்கு இருபுறமும் தரையில் கனத்த இரும்புச் சட்டங்களைப் போட்டு, பாரத்தை அவற்றின் மேல் இறக்க வேண்டும். மோட்டார் வழியில் மாட்டிக்கொண்டால் கருவியால் வலிந்து இழுக்கக்கூடாது. அப்போது சங்கிலியில் ஏறும் விசைக்கு எடைக்கணக்கு பொருந்தாது. சற்று இறக்கி, குழாயை மரை இறுகும் திசையிலேயே இலேசாகத் திருப்பி, மீண்டும் மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம்; மறுதிசையில் திருப்பினால் கீழே மரை கழன்று மோட்டார் விழுந்துவிடும். 20 அடிக் குழாய் நிமிர்ந்து நிற்கும்போது அருகில் மின்கம்பி இருந்தால், குழாய் சாய்ந்து தொடக்கூடிய தூரத்தைக் கணக்கிட்டு, மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

பராமரிப்பும் பதிவும்

பாரச்சங்கிலியைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி வைக்க வேண்டும். ஆனால் கைச்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் உராய்வுத் தட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. பட்டால் பாரம் வழுக்கி இறங்கும். கல் தூள் உள்ளே போகாமல் இருக்க, கருவியைத் தரையில் போடாமல் தொங்கவிட்டு வைப்பது நல்லது. பெல்ட்டுகளை வெயிலிலும் பேட்டரி அமிலத்தின் அருகிலும் வைக்கக்கூடாது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 29ஆம் பிரிவில், தூக்கும் கருவிகளையும் சங்கிலி, கயிறு முதலியவற்றையும் 12 மாதங்களுக்கு ஒருமுறையாவது தகுதி பெற்ற நபர் முழுமையாகச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று கூறியது. சட்டத்தின் வரம்புக்குள் வராத சிறு பட்டறையாக இருந்தாலும் இதே இடைவெளியில் சோதித்து வைப்பது உரிமையாளருக்கே நல்லது. வாடகைக்கு எடுப்பவர்கள் அந்தச் சோதனைச் சான்றைக் கேட்டுப் பார்த்து, அதிலுள்ள வரிசை எண்ணும் கருவியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். சோதனையில் கழிக்கப்பட்ட பெல்ட்டை அன்றே இரண்டாக வெட்டிப் போட்டுவிட வேண்டும். முழுதாக மூலையில் கிடந்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்துக் கட்டிவிடுவார்கள்.